ஒலுவில்: உரிமை கொண்டாடினால் போதுமா? கடமை எங்கே?

 

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்றலில் நின்றிருந்தபோது புடவைக்கடை வைத்திருக்கும் நானா ஒருவர் நமது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மௌலவி, ஒலுவில் கெம்பஸ் இன்னும் நம்மட கெம்பஸ்தானா?" நாம் வாய் திறப்பதற்கு முன் பக்கத்தில் நின்ற இளைஞர் பதில் சொல்லிவிட்டார்: "அதெல்லாம் எப்பவோ கைவிட்டுப் போயிட்டு நானா. போய்ப் பாருங்க, எல்லாம் வெளியூர்ப் பிள்ளைகள்."

நானா தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நம்மால் அப்படிப் போக முடியவில்லை. அந்தக் கேள்வி பிழையானது என்று சொல்வதா, அந்தப் பதில் பிழையானது என்று சொல்வதா? யோசித்துப் பார்த்தால் இரண்டுமே பிழை. கரையோரக் கடைத்தெருக்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது என்பதால் இந்த இதழின் தலையங்கத்தை இதற்கே ஒதுக்குகின்றோம்.

எந்தக் காயத்தில் பிறந்தது?

இன்று இருபது வயதில் இருக்கும் சகோதரனுக்கு 1990 என்பது ஒரு எண். நமக்கு அது ஒரு நெருப்பு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரம் கழிந்து ஏறாவூர். ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள்.

அந்த ஆண்டின் துயரம் நமக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் நீதியோடு சொல்ல வேண்டும். 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்த தமிழ்ச் சகோதரர்களில் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. கல்விக்கூடம் ஒன்று அகதி முகாமாகி, அந்த முகாமே பலிக்களமாகிப் போன காலம் அது.

இந்தப் பின்னணியில்தான் நமது பல்கலைக்கழக மாணவர்களின் நிலையைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், 1981இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் தரமுயர்த்தப்பட்ட கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நமது பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். யுத்தம் அவர்களுக்கும் அவர்களது வகுப்பறைக்கும் நடுவே வந்து நின்றது. போகும் வழியில் உயிருக்கு உத்தரவாதமில்லை. அங்கே போன பின்னும் இல்லை. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து அனுமதிக் கடிதமும் கையில் வந்த பிறகு, பிள்ளையை அனுப்புவதா வீட்டில் வைத்துக்கொள்வதா என்று வாப்பாமார் இரவிரவாக விழித்திருந்த காலம் அது.

இந்த நெருக்கடியைப் பாராளுமன்றத்திலும் அமைச்சரவையிலும் கொண்டுபோய் வைத்தவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள். 1994இல் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க அவர்களின் அரசாங்கத்தில் கப்பல்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சராக இருந்த அவர், தென்கிழக்கிலே ஓர் உயர்கல்வி நிறுவனம் வேண்டும் என்பதில் ஒற்றைக் காலில் நின்றார். 1995 ஜூலையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அட்டாளைச்சேனை அரசினர் ஆசிரியர் கலாசாலைக் கட்டிடத்தில் வகுப்புகள் தொடங்கின. சொந்தக் கட்டிடம் இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய விரிவுரையாளர்கள். ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்ற அளவிலே மாணவர்கள்.

1996 மே 15இல் அது முழுமையான தேசியப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்டது. பேராசிரியர் எம்.எல்.ஏ. காதர் அவர்கள் முதலாவது உபவேந்தர். பின்னர் ஒலுவிலில் நிரந்தர வளாகம் எழுந்தது. கலை கலாசாரம், முகாமைத்துவம் வர்த்தகம் என்று தொடங்கிய பீடங்களோடு சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் சேர்ந்தது. 2005இல் இஸ்லாமிய கற்கைகள் அறபு மொழிப் பீடமும் 2012இல் பொறியியல் பீடமும் பின்னர் தொழில்நுட்ப பீடமும் வந்தன. இன்று மூன்று தசாப்தங்களைக் கடந்து நிற்கின்றது. அல்ஹம்துலில்லாஹ்.

அது தொடங்கியபோது இதை எழுதும் நான் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பையன். லீவில் ஊருக்கு வந்தபோது பெரியவர்கள் இதைப் பற்றியே பேசினார்கள். "ஆசிரியர் கலாசாலைக் கொட்டிலில் பல்கலைக்கழகமா?" என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். அதே கொட்டிலுக்கு மகளை அனுப்பிய வாப்பாமாரும் இருந்தார்கள். இந்தப் பல்கலைக்கழகம் செய்த மிகப் பெரிய வேலை அதுதான். பேராதனைக்கோ கொழும்புக்கோ பெண்பிள்ளையை அனுப்ப மனம் ஒப்பாத எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் பட்டதாரிகளானார்கள். இன்று கரையோரப் பாடசாலைகளில் உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகளில் எத்தனை பேர் ஒலுவில் பட்டதாரிகள் என்று விசாரித்துப் பாருங்கள்.

கனவு அதற்கும் பழையது

1995இல்தான் இந்த எண்ணம் பிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள். சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது இலங்கை முஸ்லிம் அவர். உலக யுத்த காலம். உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக அனுப்பப்பட்ட அதிகாரி. நெல்லைப் பார்க்க வந்தவர் நமது பிள்ளைகளின் படிப்பையும் பார்த்தார். கெட்டித்தனமான பிள்ளைகள் பணமில்லாத ஒரே காரணத்தால் படிப்பை நிறுத்துவதைக் கண்டார். கல்முனையிலே முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை உருவாக்கினார். அந்த அனுபவத்திலிருந்தே 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் பிறந்தது. பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கினார். முஸ்லிம்களுக்கென்று கலாசாரப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை.

வர்த்தகச் சகோதரர்களே, இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். நளீம் ஹாஜியார் அவர்கள். பெரிய படிப்புப் படித்தவரல்ல, மாணிக்கக்கல் வியாபாரி. உழைத்ததை எதில் போட்டார்? 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா எழுந்தது. மார்க்கக் கல்வியையும் உலகக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த அந்த நிறுவனத்தின் பட்டதாரிகள் இன்று நாட்டின் பல துறைகளிலும் பரவியிருக்கின்றார்கள்.

ஒருவர் அரச அதிகாரி, ஒருவர் வியாபாரி, ஒருவர் அரசியல் தலைவர். மூவருமே "நமக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. இந்தச் சமூகத்துக்கு என்ன இல்லை என்று பார்த்தார்கள். அதற்காக எதையாவது கொடுத்தார்கள். ஒலுவிலைப் பற்றிப் பேசும் நாம் எதைக் கொடுத்திருக்கின்றோம்?

அது யாருடையது?

இப்போது நானாவின் கேள்விக்கு வருவோம். நேராகவே சொல்கின்றோம். ஒலுவில் பல்கலைக்கழகம் முஸ்லிம் பல்கலைக்கழகமல்ல. அது ஒரு தேசியப் பல்கலைக்கழகம். நமது கோரிக்கையினால் பிறந்தது. நமது மண்ணில் நிற்கின்றது. ஆனால் நாட்டின் சட்டத்தின்படி, நாட்டின் பணத்தில் இயங்குகின்றது. அதன் கட்டிடங்கள் பலவற்றுக்குக் குவைத் நிதியம் தந்தது கடனுதவி. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டியது. யார் கொடுப்பது? சீனி வாங்கும்போதும் பெற்றோல் அடிக்கும்போதும் வரி கட்டும் எல்லோரும். ஹம்பாந்தோட்டை விவசாயியும் அதில் இருக்கின்றார், நுவரெலியாத் தோட்டத் தொழிலாளியும் இருக்கின்றார்.

அனுமதி எப்படி நடக்கின்றது என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் உள்நாட்டு மாணவர்களை அரச பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்புகளுக்குத் தெரிவு செய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான் அளவுகோல். பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 இடங்கள் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படுகின்றன. மிகுதி 5 இடங்கள் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் நமது அம்பாறையும் இருக்கின்றது. ஒலுவிலில் பிறந்தவன் என்பதற்காக ஒலுவில் பல்கலைக்கழகத்தில் எவருக்கும் இடமில்லை.

"இது அநியாயமல்லவா?" என்று கேட்பீர்கள். ஒரு நிமிடம் யோசியுங்கள். சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் பிள்ளைகள் மொறட்டுவைக்குப் பொறியியல் படிக்கவும் கொழும்புக்கும் பேராதனைக்கும் வைத்தியம் படிக்கவும் போகின்றார்கள். எந்த விதியால் போகின்றார்கள்? இதே விதியால்தான். அங்கே "இது எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம், உனக்கென்ன வேலை?" என்று நமது பிள்ளையைக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? நமது பிள்ளை மொறட்டுவைக்குப் போகும் அதே கதவால்தான் மாத்தறைப் பிள்ளை ஒலுவிலுக்கு வருகின்றது. ஒரு பக்கத்தை மட்டும் பூட்ட முடியாது.

இன்னொன்று. நமது மாவட்டமே ஓர் இனத்துக்கு உரியதல்ல. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அம்பாறை மாவட்டத்தில் நூற்றுக்கு 43 பேரளவில் முஸ்லிம்கள், 39 பேரளவில் சிங்களவர்கள், 17 பேரளவில் தமிழர்கள். இப்படிப்பட்ட மாவட்டத்தில் நிற்கும் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் இருப்பார்கள். இருக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் அரசாங்கம் ஏன் மாகாணங்களில் பல்கலைக்கழகங்களைத் திறந்தது? 1987 முதல் 1989 வரை தெற்கிலே சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி இரத்த ஆறாக ஓடியது. அதன் பின் இளைஞர்களின் அமைதியின்மையை ஆராய ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியில் வாய்ப்பில்லாத நிலை அப்போது பெரிய பேச்சாக எழுந்தது. ரஜரட்ட, சப்ரகமுவ போன்ற பிரதேசப் பல்கலைக்கழகங்கள் தொண்ணூறுகளில் பிறந்த பின்னணி அது. ஒலுவிலும் அதே தசாப்தத்தின் பிள்ளை. பெரிய நகரங்களின் வாசலில் காத்துக்கிடந்த ஏழைப் பிள்ளைக்குக் கிராமத்தில் ஒரு கதவைத் திறப்பதே இவற்றின் பணி. தென்னிலங்கை ஏழைச் சிங்களப் பிள்ளையின் வலியும் நமது பிள்ளையின் வலியும் ஒலுவிலில் ஒரே விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

பத்ருப் போரை எல்லோரும் அறிவீர்கள். கைதிகளாகப் பிடிபட்ட மக்கத்து ஆட்களில் ஈட்டுப்பணம் கட்ட வசதியற்ற, எழுத வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுப்பதே விடுதலைக்கான விலையாக வைக்கப்பட்டது. போர்க்களத்தில் வாளோடு வந்தவனிடமும் கல்வியைக் கற்றுக்கொண்ட சமூகம் நாம். புத்தகப் பையோடு நமது ஊருக்கு வரும் பிள்ளையைப் பார்த்து முகம் சுளிப்பது நமக்குத் தகுமா?

கடைக்காரச் சகோதரரே, உங்களோடு ஒரு வார்த்தை

அன்றொரு நாள் நம்மைத் தேடித் தென்னிலங்கையிலிருந்து ஒரு தகப்பனார் வந்தார். கூலிவேலை செய்பவர். மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கின்றது. விடுதியில் இடம் கிடைக்கத் தாமதம். வெளியே ஓர் அறை தேடுகின்றார். தமிழ் தெரியாது. கேட்ட இடமெல்லாம் வாடகை கேட்டு மலைத்துப்போய், தெருவில் தாடியைக் கண்டு நம்மிடம் கேட்டார். ஒரு வீட்டில் மூன்று மாத வாடகையை முற்பணமாகக் கேட்டிருக்கின்றார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கூட இல்லை. கடைசியில் விதவைத் தாத்தா ஒருவர் தன் வீட்டு முன்னறையை நியாயமான காசுக்குக் கொடுத்தார். அந்தத் தகப்பனார் போகும்போது தாத்தாவின் முன்னால் இரு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றார். பேச்சு வரவில்லை.

நாம் நடத்திய நூறு நல்லிணக்கக் கூட்டங்களில் கிடைக்காத ஒன்று அந்த முன்னறையில் கிடைத்தது. அந்தப் பிள்ளை நான்கு வருடங்கள் நமது ஊரில் இருக்கும். தினமும் நமது பாங்கைக் கேட்கும், நமது கடையில் சாமான் வாங்கும், நோன்பு காலத்தில் நமது கஞ்சியைக் குடிக்கும். பட்டம் பெற்றுப் போய் நாளை ஒரு பொறியியலாளராகவோ வங்கி முகாமையாளராகவோ பிரதேச செயலாளராகவோ எங்காவது உட்காரும்போது, "முஸ்லிம்கள் எப்படிப்பட்டவர்கள்?" என்ற கேள்விக்கு அதன் மனதில் ஒரு பதில் இருக்கும். அந்தப் பதிலை எழுதுகின்றவர் நீங்கள். உங்கள் தராசு எழுதுகின்றது, உங்கள் வாடகைச் சிட்டை எழுதுகின்றது.

2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறன்று நடந்த கொடூரமும், அடுத்த வாரமே சாய்ந்தமருதில் வெடித்த குண்டும் நமது கரையோரத்தை முழு நாட்டினதும் சந்தேகப் பார்வைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தின. ஒரு சில பாவிகளின் செயலுக்கு ஒரு சமூகமே தலைகுனிந்து நின்றது. அந்தச் சந்தேகம் அறிக்கைகளால் கரையாது. நம்மோடு பழகியவர்களின் சாட்சியத்தால்தான் கரையும். அப்படியான சாட்சிகளை அரசாங்கமே நமது வாசலுக்கு அனுப்பிவைக்கின்றது. நாமோ அறைக்கு ஜன்னல் வைக்காமல் முற்பணம் கேட்கின்றோம்!

மதீனத்து அன்ஸார்கள் வந்தவர்களிடம் வாடகை பேசவில்லை, பாதியைக் கொடுத்தார்கள். உங்களிடம் பாதியை நாம் கேட்கவில்லை. நியாயமான விலை, சுத்தமான சாப்பாடு, பூட்டுள்ள கதவு. இவ்வளவும்தான். இது தர்மமும் அல்ல, நல்ல வியாபாரம். பல்கலைக்கழகம் இருக்கும் வரைக்கும் ஒவ்வொரு வருடமும் புதிய வாடிக்கையாளர் வருவார்.

இளைஞனே, உன்னோடும் ஒரு வார்த்தை

"கைவிட்டுப் போயிட்டு" என்றாயே, சகோதரா! கையில் எப்போது பிடித்திருந்தாய்? உயர்தரத்தில் எந்தப் பாடம் எடுத்தாய்? பொறியியலும் தொழில்நுட்பமும் விஞ்ஞானமும் நமது ஊரின் மடியில் இருக்கின்றன. அந்த வகுப்புகளில் நமது பிள்ளைகள் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டுமென்றால், கரையோரப் பாடசாலைகளில் கணிதமும் விஞ்ஞானமும் படிக்கும் பிள்ளைகள் கூட வேண்டும். இடத்தை யாரும் பறிக்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் நாம் விட்டுக்கொடுத்த இடங்கள் அவை.

ஆங்கிலத்தைக் கண்டு ஓடாதே. விஞ்ஞானமும் பொறியியலும் அங்கே ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்படுகின்றன. சிங்களத்தையும் கற்றுக்கொள். உன் பக்கத்து வாங்கில் இருப்பவனிடமே கற்கலாம். அவனுக்குத் தமிழைக் கற்றுக்கொடு. முப்பது வருட யுத்தத்தில் இந்த நாடு இழந்தது அந்த ஒரு பாலத்தைத்தான்.

மத்ரஸாவில் ஓதிவிட்டு வந்த மௌலவிச் சகோதரர்களுக்கு நம் அனுபவத்தையே சொல்கின்றோம். நாம் ஓதிய காலத்தில் உயர்தரப் பரீட்சையை ஓர் உலக விடயமென்று ஒதுக்கினோம். பின்னர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, பிள்ளைகளின் வயதுடையவர்களோடு உட்கார்ந்து எழுதவேண்டி வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அறபும் இஸ்லாமும் உயர்தரத்தில் பாடங்களாக இருக்கின்றன. அவற்றில் மத்ரஸா மாணவனை விட யாருக்கு முன்னுரிமை இருக்க முடியும்? உள்வாரியாகப் போக முடியாத வயதென்றால் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிவு செய்யும் வழி ஒலுவிலிலேயே உண்டு. மிம்பரில் நிற்பவன் படித்தவனாக இருந்தால் கீழே உட்கார்ந்திருப்பவனின் பிள்ளையும் படிக்கும்.

பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் தம்பிமாருக்கும் ஒன்று. பகிடிவதை என்ற பெயரில் புதிய மாணவனை முழந்தாளிட வைப்பது வீரமல்ல, அது ஹராம். நாட்டின் சட்டத்தில் 1998 முதல் குற்றமும் கூட. பயந்து படிப்பையே விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் இந்த நாட்டில் எத்தனை பேர்! ஒரு கூலித் தொழிலாளியின் பதின்மூன்று வருடக் கனவை ஓர் இரவில் உடைத்தால் அதற்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டும்.

நமது அரசியலுக்கும் ஓர் எச்சரிக்கை

இதை நமது இயக்கத்தின் ஏட்டில் எழுதத் தயங்கினால் நாம் உண்மையாளர்களல்ல. 2003 ஜனவரியில், சமாதானப் பேச்சுகள் நடந்த காலத்தில், முஸ்லிம்களின் அரசியல் உரிமையைக் கோரிய ஒலுவில் பிரகடனம் இந்தப் பல்கலைக்கழக மண்ணிலிருந்துதான் எழுந்தது. அது மாணவர்களின் எழுச்சி. வரலாற்றில் அதற்கு இடமுண்டு. ஆனால் அரசியல்வாதிகள் பல்கலைக்கழகத்தைப் பார்க்கும் பார்வை வேறு. சிற்றூழியர் வேலைக்கு யாருடைய பட்டியல்? கட்டிட ஒப்பந்தம் யாருக்கு? உபவேந்தர் எந்த ஊர்க்காரர்? இந்தக் கேள்விகளோடுதான் நம்மவர்கள் பலர் ஒலுவில் வாசலை மிதிக்கின்றார்கள். ஊருக்கு ஊர் பிரிந்து, கட்சிக்குக் கட்சி பிரிந்து, ஒரு கல்விக்கூடத்தைத் தேர்தல் காரியாலயமாக நினைப்பவன் அதைக் கட்டியவர்களின் கபுறுக்கு எந்த முகத்தோடு துஆக் கேட்கப் போகின்றான்?

தகுதியுள்ளவன் எந்த ஊரவனானாலும், எந்த இனத்தவனானாலும் அவனே கற்பிக்கட்டும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டின் பல்கலைக்கழகங்களிலிருந்து விரிவுரையாளர்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். இருப்பவர்களை மதித்து வைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் ஊர்ச் சண்டைக்கு அவர்களை இழுப்பது நமது கையால் நமது கண்ணைக் குத்துவது.

பல்கலைக்கழகத்திடமும் கேட்கின்றோம்

கடமை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. சுவருக்கு வெளியே இருக்கும் மக்களுக்குப் பல்கலைக்கழகம் என்ன செய்கின்றது என்று கேட்கவும் நமக்கு உரிமையுண்டு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பின்னர் ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்டது. அதை அடுத்த கரையைக் கடல் அரித்தது. மீனவனின் வாடியும் தென்னந்தோப்பும் போயின. பல்கலைக்கழகத்தின் வாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நடந்த நாசம் இது. பக்கத்திலே நெல்வயல், வயலுக்கு அப்பால் உப்பும் வெள்ளமும் யானையும். இவற்றையெல்லாம் ஆராயும் அறிவு அந்தச் சுவருக்குள் இருக்கின்றது. அந்த ஆய்வுகள் ஆங்கிலச் சஞ்சிகைகளோடு நின்றுவிடாமல் மீனவர் சங்கத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் தமிழிலும் சிங்களத்திலும் வந்து சேர வேண்டும். வருடத்தில் ஒரு நாளாவது கரையோரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்து காட்டட்டும். பத்தாம் ஆண்டில் ஒரு நுணுக்குக்காட்டியைப் பார்த்த பிள்ளைதான் உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுக்கும்.

என்ன செய்யப் போகின்றோம்?

பேச்சு போதும். மூன்று வேலைகளை முன்வைக்கின்றோம். ஒன்று: பல்கலைக்கழகத்தைச் சூழவுள்ள ஒவ்வொரு ஊர்ப் பள்ளிவாசலும் வாடகை அறைகளின் பட்டியலை வைத்திருந்து, நியாயமான வாடகையை வீட்டுக்காரரோடு பேசி ஒப்புக்கொள்ளச் செய்யட்டும். எந்த இனத்து மாணவர் வந்து கேட்டாலும் அந்தப் பட்டியலைக் கொடுக்கட்டும். இரண்டு: வர்த்தக சங்கங்கள் ஒவ்வொன்றும் தம் ஊரில் பல்கலைக்கழகம் போகும் ஏழைப் பிள்ளைகளில் சிலரையாவது பொறுப்பெடுக்கட்டும். மஹாபொலப் பணம் ஒரு மாதச் சாப்பாட்டுக்கே போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். அஸீஸ் அவர்கள் கல்முனையில் தொடங்கியது இதைத்தான். மூன்று: ஒலுவிலில் படித்த பட்டதாரிகள் வாரத்தில் ஓர் இரவு, இஷாவுக்குப் பின், பள்ளிவாசல் மண்டபத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணிதமோ ஆங்கிலமோ சொல்லிக்கொடுக்கட்டும். அரசாங்கம் தந்த இலவசக் கல்வியின் கடனை இப்படித்தான் அடைக்க முடியும்.

அந்த நானாவுக்கு நாம் அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கின்றோம். ஒலுவில் நமக்குச் சொந்தமான ஆதனம் அல்ல நானா, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆதனத்துக்கு உறுதிப் பத்திரம் காட்டினால் போதும். அமானிதத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். யுத்தத்தால் வகுப்பறையை இழந்த நமது பிள்ளைகளுக்காகக் கேட்டு வாங்கிய கதவு அது. அதே கதவு இன்று எல்லா ஏழைப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கின்றது என்றால் அதில் நமக்கு நட்டம் எங்கே? திறந்தவன் என்ற நற்பெயரைக் காப்பாற்றுவோமா, பூட்ட நினைத்தவன் என்ற பழியைத் தேடுவோமா என்பதே கேள்வி.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உங்கள் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிடம் முதலாவது வேலையைப் பற்றிக் கேளுங்கள். பதிலை நமக்கும் எழுதுங்கள்.

வல்ல அல்லாஹ் நமது எண்ணங்களைச் சீராக்கி, நமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.